ரோட்டுத் தண்ணீரைப் போரில் இறக்கலாமா?

கேள்வி பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்றை ஆசிரியர் குழுவினர் எனக்கு அனுப்பியிருந்தார்கள். எழுதியவருக்கு நான்கு வழிச்சாலை ஓரம் இரண்டு ஏக்கர் நிலம். "என் நிலத்தை ஒட்டி ரோட்டுக்கு அடியில் குழாய்ப் பாலம் இருக்கிறது. மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் மொத்தமும் அதன் வழியாக வந்து என் வரப்பில் கொட்டுகிறது. முந்நூறு அடி போர் வற்றி மூன்று வருடமாகச் சும்மா கிடக்கிறது. அந்தத் தண்ணீரைக் குழாய் போட்டு நேராகப் போரில் இறக்கினால் ஊற்று திரும்புமா?" என்று கேட்டிருக்கிறார்.

'இறக்காதீர்கள்' என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் கண்ணெதிரே ஆறு மாதிரி தண்ணீர் ஓட, பக்கத்தில் போர் காய்ந்து கிடந்தால் எந்த விவசாயிக்கும் ஒரு வரி பதிலில் மனசு ஆறாது. இதே கேள்வியை எங்கள் வட்டாரத்தில் ஒரு பெரியவர் என்னிடம் நேரில் கேட்டார். அதற்காக அவர் நிலத்துக்கு நாலைந்து முறை போய் வந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் ஆசைப்படுவதில் இருக்கும் நியாயம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நான்கு வழிச்சாலையில் ஒரு பக்கத் தார்ப்பரப்பு மட்டும் 7 மீட்டர் அகலம். அதில் 500 மீட்டர் நீளத்துத் தண்ணீர் ஒரு குழாய்ப் பாலத்துக்கு வருகிறது என்று வையுங்கள். 20 மி.மீ. மழைக்கு 70,000 லிட்டர். 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் என்றால் 14 நடை. நம் மானாவாரி மண்ணில் அதே மழை பெய்தால் பாதிக்கு மேல் மண்ணே குடித்துவிடும். தார் ஒரு சொட்டும் குடிக்காது. சேதாரம் போனாலும் பத்து நடை நிச்சயம் வரப்புக்கு வந்து சேரும். யாருக்குத்தான் ஆசை வராது?

எங்கள் பக்கம் திண்டிவனம். மல்லாட்டையும் நெல்லும், கொஞ்சம் தர்பூசணியும் சவுக்கும் போடுகிற ஊர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த 1990-களில் சென்னை - திருச்சி ரோடு இரண்டு வண்டி போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் புளியமரம், அதற்கு அடியில் மண் ஓரம், அதை ஒட்டிப் புல் முளைத்த பள்ளம். மழைத் தண்ணீர் ரோட்டின் நீளம் முழுக்க ஒழுகி, அந்தப் புல்லிலும் மண்ணிலும் அங்கங்கே இறங்கிவிடும். வயலுக்கு வருவது கொஞ்சம்தான், அதுவும் மண்ணில் வடிந்து வருவது. 2000-க்குப் பிறகு ரோட்டை அகலப்படுத்தி உயர்த்தினார்கள். புளியமரங்கள் போயின. மண் ஓரத்துக்குப் பதில் சிமென்ட் வடிகால் வந்தது. நீளம் முழுக்க ஒழுகிய தண்ணீர் இப்போது ஒரே இடத்தில் குழாய் வழியாகக் கொட்டுகிறது. வண்டிகளோ பல மடங்கு. ரோடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் பிள்ளைகளைக் காலேஜுக்குக் கொண்டுபோனதும் அந்த ரோடுதான். ஆனால் ரோட்டுக்கும் வயலுக்கும் நடுவே இருந்த வடிகட்டி போய்விட்டது. அது இருந்தது என்பதே பல பேருக்குத் தெரியாது.

அந்தத் தண்ணீரில் என்ன வருகிறது? எண்ணெய் மட்டும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். லாரி, பஸ்களிலிருந்து சொட்டும் ஆயில், டீசல் வருவது உண்மைதான். கண்ணுக்குத் தெரியாதது இன்னும் அதிகம். டயர் தேயத் தேய அந்த ரப்பர் எங்கே போகிறது? ரோட்டில்தான். டயர் ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள். அதனால் தேய்ந்த ரப்பர்த் தூளோடு துத்தநாகம் வரும், துத்தநாகத்தோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் காட்மியமும் வரும். பிரேக் கட்டை தேய்ந்தால் தாமிரம். அமெரிக்காவில் கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள் பிரேக் கட்டையில் தாமிரத்தைக் குறைக்க 2010-லேயே சட்டம் போட்டதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணம். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டு பிப்ரவரியோடு நின்றது. ஆனால் அதற்கு முன்னால் விழுந்த ஈயம் மட்கிப் போகிற பொருள் இல்லை. பழைய ரோட்டோர மேல்மண்ணில் இன்னும் உட்கார்ந்திருக்கும். இவை போக, கடைக்காரர்கள் இருட்டில் கொண்டுவந்து கொட்டும் கோழிக்கழிவு, எரித்த குப்பையின் சாம்பல், செத்த நாய். விஷம் என்று பேசும்போது இந்தக் கடைசி வகையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பேதியும் காமாலையும் இதிலிருந்துதான் முதலில் வரும்.

தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்கும் சேர்ந்த அத்தனையும் முதல் கோடை மழையில் இறங்கும். பலத்த மழையின் முதல் கால் மணி, அரை மணி நேரத் தண்ணீர்தான் மிக மோசம். குழாய்ப் பாலத்தில் கறுப்பு நுரையோடு கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் அடித்த பிறகு அதே பாலத்தில் வரும் தண்ணீர் எவ்வளவோ தெளிவாக இருக்கும். கூரைத் தண்ணீர் பிடிக்கும்போது முதல் மழையைப் பிடிக்காதே என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது இதே கணக்குத்தான்.

இனி போர் விஷயம். பெரியவர் என்னிடம் கேட்டது நல்ல கேள்வி. "ஏன் சார், வயல்ல விட்டா பூமிக்குத்தானே போவுது? போர்ல விட்டாலும் பூமிக்குத்தானே போவுது? என்னா வித்தியாசம்?"

வித்தியாசம் மேல் மண். மண்ணில் இருக்கும் களியும் மட்கும் ஈயம், தாமிரம், துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொழு உரம் போட்ட மண் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் ஆயிலையும் டீசலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும். அதற்குக் காற்று வேண்டும், மேல் மண்ணில் காற்று இருக்கிறது. போர்க் குழாய் இந்த மண்ணை முழுக்கத் தாண்டிப் பாறைக்குள் இறங்குகிறது. அங்கே களியும் இல்லை, மட்கும் இல்லை, போதுமான காற்றும் இல்லை. வெடிப்பு மட்டும்தான். எங்கள் ஊர்ப் பாறையில் வெடிப்பு வழியாகத்தான் தண்ணீர் ஒரு போரிலிருந்து இன்னொரு போருக்குப் போகிறது. பக்கத்து நிலத்தில் போர் போடும்போது கம்ப்ரசர் காற்று உங்கள் போரில் புஸ்ஸென்று வந்திருக்குமே, அதே வழிதான்.

பெரியவர் நிலத்தில் அந்த வற்றிய போருக்கு நூறடி தள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்து போர் இருக்கிறது. ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு அதிலிருந்துதான் தண்ணீர் ஏறுகிறது. அதைக் கையைக் காட்டிச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஜல்லி, கரி, மணல் போட்டு வடிகட்டி விட்டா?" என்றார். ஜல்லியும் மணலும் வண்டலையும் குப்பையையும் நிறுத்தும். தண்ணீரில் கரைந்து வருவதை அவ்வளவாக நிறுத்தாது. கரி கொஞ்ச நாள் பிடிக்கும், அப்புறம் அதை மாற்ற வேண்டும். யார் மாற்றுவார்கள்? முதல் வருடம் மாற்றுவோம். வெடிப்புக்குள் போய்விட்ட ஆயிலைத் திரும்ப எடுக்க நம்மிடம் வழி கிடையாது.

போரை ஊற வைத்தே ஆக வேண்டும் என்றால் வீட்டுக் கூரைத் தண்ணீரை வடிகட்டி விடுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 20 மி.மீ. மழைக்குச் சுமார் 1,800 லிட்டர் கிடைக்கும். ரோட்டோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான், ஆனால் சுத்தமானது. அதற்கும் வழியில்லை என்றால் போர் வாயைக் கெட்டியாக மூடி வையுங்கள். 2019-ல் மணப்பாறை பக்கம் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

சரி, அப்படியானால் அந்த 70,000 லிட்டரை என்ன செய்வது? இழந்துபோன அந்தப் புல் பள்ளத்தை நம் வரப்புக்குள் நாமே திரும்ப உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் பதில்.

இது வெறும் யோசனை இல்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரப் பக்கம் கடலிலிருந்து ஓடைக்கு முட்டையிட ஏறி வரும் கோஹோ சால்மன் என்ற மீன், மழை பெய்ததும் முட்டையிடும் முன்பே கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தது. வருடக்கணக்கில் காரணம் தேடினார்கள். டயர் வெடிக்காமல் இருக்க ரப்பரில் சேர்க்கும் 6பி.பி.டி. என்ற ரசாயனம் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து இன்னொரு பொருளாக மாறுகிறது, மழையில் கரைந்துபோகும் அந்தப் பொருள்தான் மீனைக் கொல்கிறது என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். காரணம் தெரிவதற்கு முன்பே அங்கே ஒரு சோதனை செய்திருந்தார்கள். அதே ரோட்டுத் தண்ணீரை மணலும் மட்கு உரமும் கலந்த மண் வழியாக வடித்து மீனை விட்டார்கள். மீன் சாகவில்லை. எல்லா வகை மீனும் அந்த ரசாயனத்துக்குச் சாவதில்லை. நம் ஏரியில் முதல் மழைக்குக் கட்லாவும் ரோகுவும் மிதப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. அடித்து வந்த கழிவு மட்கும்போது தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் வருவது அது. நான் இங்கே சொல்ல வந்தது மண் செய்த வேலையை.

பெரியவர் நிலத்தில் செய்தது இவ்வளவுதான். குழாய்ப் பாலம் கொட்டும் இடத்தில் பத்தடிக்கு ஆறடி, மூன்றடி ஆழத்தில் ஒரு குழி. தண்ணீர் விழுந்த வேகத்தில் மண் அரிக்காமல் இருக்க அடியில் கருங்கல் பரப்பினோம். குப்பையும் கனமான வண்டலும் இங்கேயே தங்கும். குழி நிரம்பி வழியும் பக்கம் இருபதடி அகலத்துக்குச் சரிவைத் தட்டையாக்கித் தொழு உரம் கொத்திவிட்டு, தண்ணீர் ஓட்டத்துக்குக் குறுக்கே நாலு வரிசை வெட்டிவேர். வரிசையில் சாணுக்கு ஒரு தூர் போதும். நெருக்கமாக வளர்ந்ததும் சுவர் மாதிரி நின்று தண்ணீரைப் பரப்பிவிடும். இடையில் தானாகக் கோரையும் அருகும் வந்துவிட்டன. அதைத் தாண்டித்தான் சிறு குட்டை. குடிநீர் போர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, சரிவில் கீழே அமைத்தோம். குழிக்குப் பக்கத்தில் ஒரு பலகை மடையும் வைத்தோம். வெயில் காலத்துக்குப் பிறகு வரும் முதல் மழைக்கு மடையைத் திறந்து தண்ணீரைக் குட்டைக்கு விடாமல் சவுக்குத் தோப்புப் பக்கம் திருப்பிவிட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது மழையிலிருந்து குட்டைக்கு.

இருபதடி அகலம் நிலம் போகிறதே என்று அவருக்கு வருத்தம்தான். அவர் தம்பி, "கவர்மெண்ட் ரோட்டுக்கு நாம ஏன் எடம் உடணும்?" என்று சண்டைக்கே வந்தார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. வடிகாலை வயலில் கொட்டும்படி கட்டியவர்கள்தான் இதைச் செய்திருக்க வேண்டும். எங்கே கொட்டுகிறது, பக்கத்தில் எந்தக் குடிநீர் போர், எந்த ஏரி வரத்துக்கால் என்று போட்டோவோடு கிராம சபையில் தீர்மானம் போட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்புங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை நடக்கிறது, அதற்கு மிகப் பொருத்தமான நாள். தனி ஆள் மனுவை விடத் தீர்மானத்துக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. ஆனால் பதில் வரும் வரைக்கும் மழை காத்திருக்காது. அதனால்தான் குழியை முதலில் வெட்டச் சொன்னேன்.

சில எச்சரிக்கைகள். அந்தக் குழியில் சேரும் வண்டலை எரு என்று நினைத்து வயலில் போடாதீர்கள். மழைக்காலத்துக்கு முன் அள்ளி, அதே ரோட்டோரச் சரிவில், மரம் நிற்கிற இடமாகப் பார்த்துப் புதைத்துவிடுங்கள். அந்தப் புல்லை மாட்டுக்கு அறுக்காதீர்கள். வெட்டிவேரையும் பானைத் தண்ணீரில் போடுவதற்குப் பிடுங்க வேண்டாம். இந்த வேருக்கு வேலை வேறு. குட்டைத் தண்ணீரை மல்லாட்டைக்கோ நெல்லுக்கோ பாய்ச்சலாம். கீரைக்கு வேண்டாம், குடிக்கவும் வேண்டாம்.

கீரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதே ஊரில் ஒரு ஆயா ரோட்டை ஒட்டிய ஐந்து சென்ட்டில் அரைக்கீரையும் சிறுகீரையும் போட்டு, ரோட்டிலேயே உட்கார்ந்து விற்கிறார். ரோட்டோரக் கீரை விற்கிற இடத்துக்கும் பக்கம், தண்ணீருக்கும் பக்கம். ஆனால் தானியத்தையும் பழத்தையும் விட இலைதான் காட்மியம், ஈயத்தை அதிகம் சேர்க்கும். அது போக இலை மேல் படியும் தூசு வேறு. நேராகச் சொன்னால் பிழைப்பில் மண் போட்ட மாதிரி ஆகும் என்று தயங்கித்தான் பேசினேன். "தம்பி, அந்த ஓரத்துக் கீரையை நானே எங்கூட்டுக்குப் பறிக்கிறதில்ல, கழுவக் கழுவக் கறுப்பா வருது" என்றார். பிறகு கீரைப் பாத்தியை நிலத்தின் உள்பக்கம் கிணற்றடிக்கு மாற்றிக்கொண்டார். ரோட்டுப் பக்கம் கனகாம்பரம் போட்டு, வேலியாக நொச்சி நட்டிருக்கிறார். நொச்சியை ஆடு கடிக்காது, தூசையும் பிடிக்கும். உங்கள் ஊரில் கனகாம்பரத்துக்கு விலை இல்லை என்றால் சவுக்கோ வேறு பூவோ பாருங்கள்.

மண் பரிசோதனை செய்தால் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. மண்வள அட்டையில் 12 இனங்கள் இருக்கின்றன. துத்தநாகமும் தாமிரமும் அதில் உண்டு. ஈயமும் காட்மியமும் இல்லை. அதனால் 'அட்டையில் எல்லாம் நல்லா இருக்கு' என்று ரோட்டோர மண்ணை நம்பிவிட வேண்டாம். அமில மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்வதும், எந்த மண்ணானாலும் தொழு உரம் தொடர்ந்து போடுவதும் இந்த உலோகங்கள் பயிருக்குள் ஏறுவதைக் குறைக்கும்.

ஏரி வண்டல் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அனுமதி வாங்கி வண்டல் அள்ளும்போது ரோட்டு வாய்க்கால் ஏரிக்குள் விழும் வாய்ப்பகுதியை விட்டுவிடுங்கள். அங்கே மண் கறுத்து, கையில் எடுத்தால் டீசல் வாடை அடிக்கும். நூறு, இருநூறு அடி உள்ளே தள்ளிப் போனால் நல்ல வண்டலே கிடைக்கும்.

ரோட்டில் போகிறவர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. பவர் டில்லரை வாய்க்காலில் இறக்கிக் கழுவுகிறோம். டீசல் எஞ்சினில் மாற்றிய பழைய ஆயிலைக் கரையிலேயே கவிழ்க்கிறோம். பழைய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. கேனில் பிடித்து ஒர்க் ஷாப்பில் கொடுத்தால் மொத்தமாக எடுத்துப்போக ஆள் வருகிறார்கள். நெல்லையும் எள்ளையும் தார் ரோட்டில் காய வைப்பதும் அப்படித்தான். களம் இல்லாத ஊரில் வேறு வழி என்ன என்று கேட்பீர்கள், தெரியும். குறைந்தது கீழே தார்ப்பாய் விரியுங்கள். வண்டி ஏறி அடித்துத் தரட்டும் என்று நடு ரோட்டில் பரப்புவதை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் உயிர்ச்சேதமும் இருக்கிறது.

டேங்கர் லாரி கவிழ்ந்து டீசல் வாய்க்காலில் இறங்கினால், முதல் வேலை வயல் மடையை அடைப்பது. அடுத்து வாய்க்காலுக்குக் குறுக்கே வைக்கோல் கட்டுகளைப் போடுங்கள். வைக்கோல் எண்ணெயை உறிஞ்சும். ஊறிய கட்டை எடுத்துவிட்டுப் புதுக் கட்டு போட வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. ஊறிய வைக்கோலை மாட்டுக்கும் குப்பைக்குழிக்கும் போடாமல், வருகிற அதிகாரிகளிடம் காட்டி ஒப்படையுங்கள். உடனே 112-க்குப் போன் செய்யுங்கள். குடம் எடுத்துக்கொண்டு டீசல் பிடிக்க ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

பெரியவர் போருக்கு மூடி போட்டுவிட்டார். வெட்டிவேர் இப்போது இடுப்புயரம். இந்தச் சித்திரையில் முதல் மழை அன்று ராத்திரி ஏழு மணிக்கு டார்ச்சோடு நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார். "சார், குழியில கறுப்பு நுரையா நிக்குது. மழை நின்னுடுச்சு. மடையைச் சாத்தி மிச்சத்தைக் குட்டைக்கு உடவா?" என்றார். வேண்டாம், அது சவுக்குப் பக்கமே வடியட்டும், அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.